நிலத்துச் சூட்டை இறைக்கும் பம்பு பிறந்த கதை

மார்கழி விடியற்காலையில் ஏனாத்தூர்ப் பக்கத்துத் தோட்டக் கிணற்றில் மோட்டார் போட்டால் முதலில் வரும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். குளிருக்கு இதமாகப் பிள்ளைகள் அதன் கீழே உட்கார்ந்துகொள்வார்கள். அதே கிணற்றுத் தண்ணீர் அக்கினி நட்சத்திரத்தில், வெயில் உச்சியில் நிற்கும்போது, தலையில் விழுந்தால் சில்லென்று இருக்கும். இரண்டு நாளிலும் தண்ணீரின் சூடு ஏறத்தாழ ஒன்றுதான். மேலே காற்று மாறுகிறது, நம் தோல் மாறுகிறது, சில ஆள் ஆழத்துக்குக் கீழே நிலம் மாறுவதில்லை. அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை எதுவோ அதை ஒட்டியே அது நிற்கும். நம் பகுதியில் அது 28 டிகிரிக்கும் 30 டிகிரிக்கும் நடுவில்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊருக்குத் தெற்கே ஐயங்கார்குளத்தில் இருக்கும் நடவாவிக் கிணற்றுக்குச் சித்ரா பௌர்ணமியன்று வரதராஜப் பெருமாள் எழுந்தருள்கிறார். மற்ற நாளெல்லாம் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும் நிலவறை மண்டபம் அது. விழாவுக்காகத் தண்ணீரை இறைத்து வழி விடுகிறார்கள். படியிறங்கிப் போகிறவருக்கு ஒவ்வொரு படியிலும் கோடை கொஞ்சம் கொஞ்சமாக மேலேயே தங்கிவிடுவது தெரியும். பிள்ளையார்பாளையத்துக் குழித்தறிகளையும் சொல்லலாம். நெசவாளர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் இறக்கி மிதிகட்டையை மிதிக்கிறார். அந்தக் குழி தரும் மண்ணின் ஈரமும் குளுமையும் பாவு நூல் காய்ந்து அறாமல் காக்கின்றன.

ஆக, நிலத்தின் மாறாத சூட்டைப் பயன்படுத்துவது நமக்குப் பழைய சங்கதி. அந்தச் சூட்டைக் குளிர்காலத்தில் வீட்டுக்குள் இறைத்துக் கொண்டுவரவும், கோடையில் வீட்டுச் சூட்டை நிலத்துக்குள் இறக்கவும் ஓர் இயந்திரம் இருக்கிறதே, அது பிறந்த கதையைத்தான் எழுத வந்தேன். சுவீடனில் இன்று சில லட்சம் வீடுகள் இந்த நில வெப்பப் பம்பால் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. பெரிய தொழிற்சாலை எதுவும் திட்டமிட்டு உருவாக்கிய பொருள் அல்ல அது. தங்கள் வீட்டை அளந்து, தங்கள் மண்ணை அளந்து, தங்கள் கையால் குழாய் வளைத்த சிலர் அதைப் பெற்றெடுத்தார்கள். அந்த அளக்கும் பழக்கத்தை நாம் எடுத்துக்கொண்டால் ஏனாத்தூருக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது. ஆனால் இங்கே கிடைக்கும் விடை சுவீடனின் விடை அல்ல.

முதலில் மண்ணை அளந்தவர்கள். பாரீஸ் வானாய்வுக்கூடத்துக்கு அடியில் சுமார் 28 மீட்டர் ஆழத்தில் நிலவறைகள் உண்டு. 1783-ல் வேதியியலாளர் லவாய்சியே அங்கே ஒரு நுட்பமான வெப்பமானியை வைத்தார். மேலே பனி பெய்தாலும் வெயில் கொளுத்தினாலும் அது 12 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே நின்றது. ஐம்பது ஆண்டு கழித்து, 1837-ல், ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் என்ற இயற்பியல் பேராசிரியர் எடின்பரோவில் நீண்ட தண்டு கொண்ட வெப்பமானிகளை வெவ்வேறு ஆழத்தில் புதைத்தார். மிக ஆழமானது ஏறக்குறைய எட்டு மீட்டர். ஆழம் கூடக் கூடக் கோடைக்கும் குளிருக்கும் உள்ள வேறுபாடு சுருங்கியது. அதோடு, மேலே கோடை வந்த சேதி கீழே போய்ச் சேர மாதக்கணக்கில் ஆனது. எட்டு மீட்டரில் அந்தத் தாமதம் கிட்டத்தட்ட அரை ஆண்டு. அதாவது மேலே கடுங்குளிர் அடிக்கும் நேரத்தில்தான் கீழே கோடையின் மிச்சம் போய்ச் சேருகிறது. நில வெப்பப் பம்பு பிழைப்பது ஆழத்தின் மாறாத சூட்டையும் இந்தத் தாமதத்தையும் நம்பித்தான்.

எடின்பரோவில் வானாய்வுத் தலைவராக இருந்த பியாஸி ஸ்மித் அதற்கு முன் ஆப்பிரிக்காவின் தென்முனையில் பத்தாண்டு வேலை பார்த்தவர். வெப்ப நாடுகளில் அறைகளைக் குளிர்விக்க அவர் 1850-ஐ ஒட்டி ஒரு திட்டம் எழுதினார். காற்றை அழுத்தினால் அது சூடேறும். அந்தச் சூட்டைத் தண்ணீரில் இறக்கிவிட்டுப் பிறகு காற்றை விரியவிட்டால், தொடங்கிய நிலையைவிடக் குளிர்ந்த காற்று கிடைக்கும். இவ்வளவுதான் திட்டம். 1852-ல் கிளாஸ்கோவில் வில்லியம் தாம்சன், அதாவது பின்னாளில் கெல்வின் பிரபு என்று உலகம் அறிந்தவர், இதற்கான கணக்கை எழுதினார். கட்டடங்களைச் சூடேற்றுவது, குளிர்விப்பது இரண்டையும் அவர் கட்டுரையின் தலைப்பே சேர்த்துச் சொல்கிறது. விறகையோ கரியையோ எரித்து அறையைச் சூடாக்குவதைவிட, அந்த எரிபொருளால் ஓர் இயந்திரத்தை ஓட்டி வெளியே இருக்கும் சூட்டை உள்ளே இறைத்தால் பல மடங்கு வெப்பம் கிடைக்கும் என்பது அவர் கண்ட உண்மை. நிலத்தின் வெப்பம் எப்படிக் கடத்தப்படுகிறது என்று ஃபோர்ப்ஸின் அளவுகளை வைத்துப் பிறகு கணக்கிட்டவரும் இதே கெல்வின்தான். பம்பும் மண்ணும் ஒரே மனிதரின் மேசையில் கிடந்தன. ஆனாலும் அவை இரண்டும் சேர இன்னும் அறுபது ஆண்டு ஆயிற்று.

இடையில் ஆஸ்திரியாவின் எபன்ஸே உப்பளத்தில் 1850-களின் நடுவில் பீட்டர் ரிட்டிங்கர் என்ற பொறியாளர், உப்புநீரிலிருந்து எழும் ஆவியை அழுத்திச் சூடேற்றி, அந்தச் சூட்டாலேயே மேலும் உப்புநீரைக் காய்ச்சும் ஏற்பாட்டைச் செய்து பார்த்தார். வேலை செய்த முதல் வெப்பப் பம்பு என்று அதைத்தான் சொல்கிறார்கள். 1912-ல் சுவிட்சர்லாந்தின் ஹைன்ரிக் ஸோலி, நிலத்தையே வெப்பத்தின் ஊற்றாகக் கொள்ளலாம் என்று காப்புரிமை எடுத்தார். அன்று கரி மலிவு, மின்சாரம் விலை அதிகம். ஸோலியின் யோசனை தாளில் தங்கியது.

வீடுகளுக்கு வருவோம். உண்மையான பிறப்பு அங்கேதான்.

டி. ஜி. என். ஹால்டேன் பிரிட்டனின் மின்துறைப் பொறியாளர். பின்னாளில் அந்நாட்டு மின்பொறியாளர் சங்கத்துக்கே தலைவரானவர். 1920-களின் கடைசியில் ஸ்காட்லாந்தில் தன் வீட்டில் ஒரு வெப்பப் பம்பைப் பூட்டினார். வெளிக்காற்றிலிருந்தும் குழாய்த் தண்ணீரிலிருந்தும் சூட்டை எடுத்து வீட்டுக்குள் தள்ளினார். ஓட்டியதோடு நிற்கவில்லை. எவ்வளவு மின்சாரம் போனது, எவ்வளவு வெப்பம் வந்தது என்று குறித்து 1930-ல் வெளியிட்டார். குளிர்பதனப் பெட்டியைத் திருப்பிப் போட்டால் அடுப்பு ஆகும் என்பதற்கு வீட்டிலிருந்து வந்த எண்கள் அவை. நம் வீட்டு ஃபிரிட்ஜின் பின்பக்கத்தையோ பக்கவாட்டையோ தொட்டுப் பார்த்தால் இதன் அடிப்படை விளங்கும். உள்ளே வைத்த குழம்பின் சூடும் மோட்டார் தின்ற மின்சாரமும் சேர்ந்து அங்கே வெளியே வருகின்றன. கெல்வின் சொன்ன லாபம் அதில்தான் இருக்கிறது. ஒரு பங்கு மின்சாரம் கொடுத்து மூன்று நான்கு பங்கு வெப்பத்தை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்த்தலாம். நகர்த்த வேண்டிய ஏற்றம் குறையக் குறைய லாபம் கூடும். ஐந்து டிகிரி காற்றிலிருந்து முப்பத்தைந்துக்கு ஏற்றுவதைவிடப் பதின்மூன்று டிகிரி மண்ணிலிருந்து ஏற்றுவது எளிது.

இதை மண்ணோடு முடிச்சுப் போட்டவர் என்று பெரும்பாலோர் சொல்லும் பெயர் ராபர்ட் வெப்பர். அமெரிக்காவில் இன்டியானாபொலிஸ் நகரத்துக்காரர். காலம் 1940-கள். அவர் தன் வீட்டு டீப் ஃப்ரீசரை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். உள்ளே குளிரை இன்னும் கூட்டிப் பார்த்தபோது, கம்ப்ரசரிலிருந்து வெளிவரும் குழாயில் கை பட்டுச் சுட்டுவிட்டது என்பது கதை. கை சுட்ட எவரும் திட்டிவிட்டுப் போவார்கள். வெப்பர், இத்தனை சூடு வீணாகப் போகிறதே என்று யோசித்தார். அந்தக் குழாயை வீட்டு வெந்நீர்க் கொப்பரை வழியாகத் திருப்பிவிட்டார். குடும்பம் முழுவதும் குளிக்க வெந்நீர் கிடைத்தது. அதற்குப் பிறகும் சூடு மிஞ்சியது. மிஞ்சியதைச் செம்புக் குழாய்ச் சுருள் ஒன்றில் ஓடவிட்டு, அதன் பின்னால் சின்ன மின்விசிறியை வைத்து வீட்டுக்குள் வீசச் செய்தார். வீடு சூடானது.

இங்கே ஒரு கேள்வி வரும். ஃப்ரீசரில் இருந்த பண்டத்தின் சூடு எத்தனை நாளைக்கு வரும்? அது தீர்ந்தால் எங்கிருந்து எடுப்பது? வெப்பருக்கும் அதே கேள்வி வந்தது. பதிலாகக் காலுக்குக் கீழே பார்த்தார். வெளியே பனி உறைந்து கிடந்தாலும் அந்த ஊர் மண் ஆழத்தில் 12, 13 டிகிரியில் இருக்கும். அவர் நிலத்தில் செம்புக் குழாயைப் புதைத்து, ஃபிரியான் வாயுவை அதற்குள் ஓடவிட்டார். வாயு மண்ணின் சூட்டை வாங்கிக்கொண்டு வந்து நிலவறையில் இருந்த கருவியில் இறக்கியது. மின்விசிறி அதை அறைகளுக்குக் கொண்டுபோனது. அடுத்த ஆண்டே வீட்டிலிருந்த பழைய கரி அடுப்பை விற்றுவிட்டார் என்கிறார்கள். கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம் அந்த விற்பனைதான். மாற்று வழி இருந்தால் போதும் என்று அடுப்பை மூலையில் வைத்திருக்கலாம். தன் கணக்கை நம்பியதால் விற்றார்.

1948-ல் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் கார்ல் நீல்சன் வேறு வழி எடுத்தார். குழாயை மண்ணில் புதைப்பதற்குப் பதில் கிணற்றுத் தண்ணீரையே மேலே ஏற்றி, அதன் சூட்டைப் பறித்துக்கொண்டார். சோதனை மேடை அவர் வீடு. அதே ஆண்டு போர்ட்லாந்து நகரில் ஒரு பெரிய அலுவலகக் கட்டடம், இன்று காமன்வெல்த் கட்டடம் என்று பெயர், இதே முறையில் கிணற்று நீரால் சூடும் குளிரும் பெறத் தொடங்கியது.

இங்கிலாந்தின் நார்விச்சில் நகர மின்துறைப் பொறியாளர் ஜான் சம்னர். உலகப் போர் முடிந்த சமயம், எதுவும் புதிதாகக் கிடைக்காத காலம். பழைய கம்ப்ரசர் ஒன்றைத் தேடிப் பிடித்து, வென்சம் ஆற்று நீரிலிருந்து சூட்டை எடுத்து மின்துறைக் கட்டடத்தைச் சூடாக்கினார். ஒரு பங்கு மின்சாரத்துக்கு மூன்று பங்குக்கு மேல் வெப்பம் கிடைத்தது. அடுத்து அவர் செய்ததுதான் நம் கதைக்கு முக்கியம். 1950-களில் தன் சொந்த வீட்டுத் தோட்டத்தில் குழாய்களைப் புதைத்து நில வெப்பப் பம்பு வைத்துக்கொண்டார். வீட்டு வெப்பப் பம்புகளைப் பற்றி 1976-ல் ஒரு புத்தகமும் எழுதினார். ஊருக்குச் சொன்னதை வீட்டில் செய்து காட்டிய பொறியாளர்.

இந்த வேலைக்குப் பொதுவான ஒரு விதி உண்டு. கருவியின் அளவை விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. வருடத்தின் மிக மோசமான நாளில் வீடு எவ்வளவு சூட்டை இழக்கிறது என்று கூரை, சுவர், சன்னல் ஒவ்வொன்றாகக் கணக்குப் போட வேண்டும். மண் எவ்வளவு சூட்டில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு மீட்டர் குழாய்க்கு அந்த மண் எவ்வளவு வெப்பம் விட்டுக்கொடுக்கும் என்று தேட வேண்டும். ஈரக் களிமண் தாராளமாகக் கொடுக்கும், காய்ந்த மணல் கொடுக்காது. குழாய் நீளம் போதாவிட்டால் தை, மாசியில் அதைச் சுற்றி மண்ணே உறைந்துவிடும். பிறகு பம்பு எவ்வளவு மின்சாரம் தின்றாலும் பயனில்லை. கருவி தேவைக்கு மேல் பெரிதாகிவிட்டாலும் கேடுதான். லண்டனில் 1951-ல் திறந்த ராயல் ஃபெஸ்டிவல் ஹாலுக்கு தேம்ஸ் ஆற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் பெரிய பம்பு வைத்தார்கள். பொறியியல் சரியாகவே வேலை செய்தது. ஆனால் அரங்கின் தேவைக்கு அந்தப் பம்பு மிகப் பெரிது. செலவு கட்டுப்படியாகவில்லை. அதை எடுத்துவிட்டார்கள். பல நிபுணர்கள் கூடிச் செய்த இடத்தில் அளவு தப்பியது, சம்னர் தோட்டத்தில் தப்பவில்லை.

பிறகு இருபது ஆண்டு இந்த இயந்திரத்தைக் கேட்பாரில்லை. எண்ணெய் மலிவு, மண்ணில் கிடந்த உலோகக் குழாய்கள் அரித்து ஒழுகின. 1973-ல் எண்ணெய் விலை ஏறியதும் உலகம் மீண்டும் தோட்டத்தைத் தோண்டத் தொடங்கியது. இந்த முறை உலோகத்துக்குப் பதில் பாலிஎத்திலீன் குழாய். நம் ஊரில் வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கறுப்புக் குழாயின் இனம்தான். அதைச் சூடாக்கி ஒட்டினால் இணைப்பே குழாயைவிட உறுதியாகிவிடும், பல பத்தாண்டுகள் மண்ணில் கிடக்கும். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகமும் சுவீடன் ஆய்வாளர்களும் எத்தனை டன்னுக்கு எத்தனை அடி துளை என்ற கணக்கை முறைப்படுத்தினார்கள். 1987-ல் இதற்கென ஒரு பன்னாட்டுச் சங்கமே ஓக்லஹோமாவில் தொடங்கியது. வீட்டுக்காரர்கள் சிலர் இன்றும் தாங்களே பள்ளம் தோண்டிக் குழாய் பதித்துக்கொள்கிறார்கள்.

சரி, ஏனாத்தூரில் ஒருவர் இதைச் செய்யலாமா?

துளை போடுவதற்கு நம்மைவிடத் தேர்ந்தவர்கள் உலகத்தில் குறைவு. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுவதும் போர் போடுகின்றன. குழாய் இருக்கிறது, ஏசி மெக்கானிக் தெருவுக்குத் தெரு இருக்கிறார். இல்லாதது கணக்கு மட்டும். அதைப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு டன் ஏசி என்பது மணிக்கு 12,000 பிரிட்டிஷ் வெப்ப அலகு, அதாவது 3.5 கிலோவாட் சூட்டை அறையிலிருந்து வெளியேற்றும் திறன். ஒரு டன் பனிக்கட்டி ஒரு நாளில் உருகினால் உறிஞ்சும் சூடு அது. கம்ப்ரசர் தின்னும் மின்சாரமும் சூடாகித்தான் வெளியே வரும். இரண்டும் சேர்ந்தால் சுமார் 4.4 கிலோவாட். அத்தனையையும் நிலத்துக்குள் இறக்க வேண்டும். மண் 29 டிகிரி. குழாயில் ஓடும் தண்ணீரை 38, 39 வரை விட்டால் பத்து டிகிரி வித்தியாசம் கிடைக்கும். அந்த வித்தியாசத்துக்கு ஓரளவு நல்ல மண்ணில் ஒரு மீட்டர் துளை ஏறத்தாழ 40 வாட் வாங்கிக்கொள்ளும். ஆக ஒரு டன்னுக்கு 110 மீட்டர், 360 அடி துளை. அத்தனை ஆழம் போட்டும் குழாயிலிருந்து திரும்பும் தண்ணீர் மே மாத நண்பகல் காற்றின் சூட்டை ஒட்டித்தான் இருக்கும். நம் வீடுகளில் ஏசி அதிகம் ஓடுவது இரவில், படுக்கையறையில். அந்த நேரத்தில் வெளிக்காற்றே 30 டிகிரிக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. மாடியில் தொங்கும் சாதாரண அவுட்டோர் யூனிட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் காற்று, பல ஆயிரம் செலவழித்த துளையைவிட மேலாகிவிடுகிறது.

இன்னொரு சங்கடம் இதைவிடப் பெரியது. இன்டியானாபொலிஸில் குளிர்காலத்தில் மண்ணிலிருந்து எடுத்த சூட்டைக் கோடையில் திருப்பிக் கொடுக்கிறார்கள். மண்ணின் கணக்கு ஆண்டு முடிவில் நேராகிறது. நமக்கு மார்கழியில்கூட வீட்டைச் சூடாக்கும் வேலை இல்லை. கொடுத்துக்கொண்டே இருப்போம், எடுக்கவே மாட்டோம். ஆண்டுக்கு ஆண்டு துளையைச் சுற்றி மண் சூடேறும். அமெரிக்காவின் நியூஜெர்ஸியில் ஸ்டாக்டன் பல்கலைக்கழகம் 1990-களில் 400 துளைகள் போட்டது. அங்கே குளிர்காலம் உண்டு. இருந்தும் குளிர்விப்புத் தேவை மிஞ்சியதால் மண் சூடேறியது. குளிர்காலமே இல்லாத ஏனாத்தூரில் சொல்லவே வேண்டாம். டெல்லிக்கு அருகே குவால் பஹாரியில் டெரி என்ற எரிசக்தி ஆய்வு நிறுவனம் தன் வளாகத்தில் நான்கு மீட்டர் ஆழத்தில் புதைத்த சுரங்கக் குழாய்கள் வழியாகக் காற்றை இழுத்து அறைகளுக்கு அனுப்புகிறது. அது கம்ப்ரசர் இல்லாத எளிய ஏற்பாடு. வடக்கே குளிரும் கோடையும் ஒன்றை ஒன்று ஈடுகட்டுவதால் அது அங்கே பொருந்துகிறது. இங்கே அப்படியே எடுத்து வைக்க முடியாது. நீல்சன் வழியில் கிணற்று நீரை ஏற்றிச் சாக்கடையில் விடுவதோ, பாலாறு வறண்டு கிடக்கும் ஊரில் எண்ணிப் பார்க்கவே கூடாதது.

அதற்காக இந்தக் கதை நமக்கு ஆகாது என்று மூடிவைக்க மாட்டேன். வெப்பர் மண்ணுக்குப் போனது மூன்றாவது படி. முதல் படி வெந்நீர்.

காஞ்சிபுரத்துச் சாயப் பட்டறை ஒன்றுக்குள் போய்ப் பாருங்கள். கச்சாப் பட்டு நூலில் அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இயற்கைப் பசை இருக்கிறது. அது போனால்தான் மினுமினுப்பு வரும், சாயம் ஏறும். சோப்பும் சோடாவும் கரைத்த கொதிநீரில் நூல் கட்டுகளைக் கம்பில் கோத்து முக்கி முக்கி எடுக்கிறார்கள். பிறகு சாயத் தொட்டி, அதற்கும் சூடு வேண்டும். நெடி கலந்த ஆவி முகத்தில் அறைகிறது. முழங்கை வரை சிவந்த கை, கீழே எரியும் விறகு. அந்தப் பட்டறையில் வேலை செய்பவர்களின் கண்ணைப் பார்த்தால் புகை எத்தனை வருடமாக அங்கே இருக்கிறது என்று தெரியும். அதே தெருவில் நான்கு கடை தள்ளி, குளிரூட்டிய ஜவுளிக் கடையின் பின்சுவரில் அவுட்டோர் யூனிட்டுகள் வரிசையாகச் சந்துக்குள் அனல் கக்குகின்றன. ஒரு பக்கம் சூட்டுக்காக விறகை எரிக்கிறோம், இன்னொரு பக்கம் சூட்டைச் சந்தில் கொட்டுகிறோம். வெப்பரின் கை சுட்டது இந்த இடத்தில்தான்.

எவ்வளவு கொட்டுகிறோம்? ஒரு டன் ஏசி முழுமூச்சாக ஆறு மணி நேரம் ஓடினால் வெளியேறும் சூடு சுமார் 26 யூனிட். அதை முழுவதும் பிடிக்க முடிந்தால் ஆயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீரை 30-லிருந்து 50 டிகிரிக்கு ஏற்றலாம். சாயத் தொட்டிக்குக் கொதிநிலையை ஒட்டிய சூடு வேண்டும், சாதாரண வெப்பப் பம்பால் அதுவரை போக முடியாது. ஆனால் 30-லிருந்து 95 வரை ஏற வேண்டிய தண்ணீருக்கு முதல் இருபது டிகிரி இலவசமாகக் கிடைத்தால் விறகில் நாலில் ஒரு பங்குக்கு மேல் மிஞ்சும்.

இதற்காக யாரும் தங்கள் ஏசியின் செம்புக் குழாயை அறுக்க வேண்டாம். இப்போது வரும் ஏசிகளில் இருக்கும் ஆர்-32 வாயு தீப்பற்றக்கூடியது, அழுத்தமும் அதிகம். அது பயிற்சி பெற்ற மெக்கானிக் கைவைக்க வேண்டிய இடம். வெந்நீருக்கென்றே செய்த வெப்பப் பம்புகள் இந்தியச் சந்தையில் கிடைக்கின்றன. நம் காற்று ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாக இருப்பதால் அவற்றுக்கு ஏனாத்தூர் போன்ற இடம் வாய்ப்பானது. துளையும் வேண்டாம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட்டுக்குக் குறையாமல் வெந்நீரில் சூடு சேரும், பக்கத்தில் குளிர்ந்த காற்றும் வரும். அந்தக் காற்றை நூல் பிரிக்கும் அறைக்கோ, ஆட்கள் சாப்பிட உட்காரும் இடத்துக்கோ திருப்பலாம். தறி அறைக்கு மட்டும் கூடாது. அது காய்ந்த காற்று, பட்டுப் பாவு அறுந்துபோகும்.

வீட்டு விஷயத்தில் ஹால்டேனும் சம்னரும் முதலில் பார்த்திருக்கக்கூடியது கூரை. பத்துக்குப் பன்னிரண்டு அடி மாடி அறையில் வெறும் கான்கிரீட் தளம் உச்சிவெயிலில் 60 டிகிரி சூட்டை ஒட்டிப் போகிறது. அதன் வழியாக மட்டும் ஒரு கிலோவாட் அளவுக்குச் சூடு உள்ளே இறங்கும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்துப் போட்ட வெதரிங் கோர்ஸும் மேலே தட்டோடும் நம் கொத்தனார்கள் எதற்குப் போட்டார்கள் என்று நினைக்கிறீர்கள்? அதை மிச்சம் பிடித்துவிட்டு ஒன்றரை டன் ஏசி வாங்குகிறோம். வெள்ளைப் பூச்சு அடித்து, மேற்குச் சன்னலுக்கு வெளியே நிழல் கட்டிய அறைக்கு ஒரு டன்னே அதிகம்.

ஏனாத்தூரில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது, கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது, இயந்திரவியல் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு பழைய கிணற்றைத் தேர்ந்தெடுத்து, கயிற்றில் வெப்பமானி கட்டி, அமாவாசைக்கு அமாவாசை ஒருமுறை, ஓராண்டு, வெவ்வேறு ஆழத்தில் அளந்து குறியுங்கள். கூடவே ஒரு சாயப் பட்டறை ஒரு நாளில் எத்தனை லிட்டர் தண்ணீரை எத்தனை கிலோ விறகில் கொதிக்க வைக்கிறது என்றும், நான்கு கடை தள்ளி ஏசிகள் எத்தனை யூனிட் தின்கின்றன என்றும் எழுதிவையுங்கள். ஃபோர்ப்ஸ் எடின்பரோவில் செய்தது இதைவிடப் பெரிய வேலை இல்லை. அந்த எண்களை ஊரறிய வெளியிடுங்கள்.

வீட்டுக்காரர்களுக்கு என் தீர்ப்பு இது: படுக்கையறை ஏசிக்காக நிலத்தில் துளை போட வேண்டாம், அந்தப் பணத்தைக் கூரையில் போடுங்கள். வெந்நீர் நிறையத் தேவைப்படும் பட்டறையும் விடுதியும் மருத்துவமனையும் வெப்பப் பம்பை இப்போதே வாங்கலாம். வாங்குமுன் ஒரு வாரம் உங்கள் வெந்நீரை அளந்துகொள்ளுங்கள்.